பூட்டை உடைச்சது நான்

கார்த்திகை 22, ஞாயிறு

இன்று மண்டபத்து வாசலில் பந்தக்கால் நட்டார்கள். நின்றவர்கள்: ஊர்க்கூட்டத்துக்குத் தலைவனான என் கொழுந்தன் சங்கிலிப்பாண்டி, அவன் மகன் பாண்டி, பாண்டி பெண்டாட்டி சுகந்தி, அவர்கள் மகள் கல்யாணப்பொண்ணு அனுசியா, பூசாரி இசக்கி, மேளக்காரர்கள், வாழைத்தார் கொண்டுவந்த ஏசுதாசன், அப்புறம் ஓரமாக நான், என் மருமகள் மரிசெல், பேத்தி உமாராணி.

காலுக்குப் பால் ஊற்றச் சுமங்கலிகளைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. தாலியறுத்தவள், சரி. மரிசெல்லையும் கூப்பிடவில்லை. அது என்ன முறை? என் மகன் ரவி தோகாவில் குத்துக்கல் மாதிரி உயிரோடுதானே இருக்கிறான்? சுகந்தியிடம் கேட்டேன்.

"அவ பிலிப்பைன்ஸ்காரில்லா பெரியத்த. சாமிக்கு ஆகுமோ ஆகாதோ."

சாமி வந்து சொன்னாரா? கேட்கவில்லை, கல்யாண வீடு என்று வாயை மூடிக்கொண்டேன். மறக்க மாட்டேன்.

மரிசெல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "அத்தே, நாம ரெண்டு பேரும் ரிசர்வு" என்றாள். கிரிக்கெட்டில் வெளியே உட்கார்ந்திருப்பார்களாம், அந்த மாதிரியாம்.

கார்த்திகை 23, திங்கள்

மழை லேசாக.

சுகந்தி சொன்னதே மனசில் ஓடுகிறது. மரிசெல் இலஞ்சிக்கு வந்த புதுசில் நடந்ததும் ஞாபகம் வந்தது. உமாராணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறதற்காக ரவி இவர்களை இங்கே கொண்டுவந்து விட்டிருந்த நேரம். சங்கிலிப்பாண்டி வீட்டுக்கு வந்து "ரவி எங்கம்மா?" என்று கேட்டான். இவள் உதட்டைக் குவித்துக் கொல்லைப்பக்கம் நீட்டினாள். அவள் ஊரில் திசை காட்டுவது விரலால் இல்லை, உதட்டால். கிழவன் முத்தம் கேட்கிறாள் என்று நினைத்து வாசல்படி தடுக்கி விழுந்தான். அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு இவள் மேல் ஆகாமை. கால் சுளுக்கியது ஒருபக்கம், நான் சிரித்தது மறுபக்கம்.

கார்த்திகை 24, செவ்வாய்

மழை விடவில்லை. மரிசெல் ஒரு பையைக் கட்டி நிலைக்கதவுப் பக்கம் மாட்டியிருக்கிறாள். டார்ச், விசில், பிஸ்கட், உமாராணி சட்டை, என் பிரஷர் மாத்திரை, ரேஷன் கார்டை பாலிதீனில் சுற்றி. "எங்கட்டி ஓடப் போறே?" என்று கேலி செய்தேன். சிரித்தாள். அவள் ஊரில் வருஷத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் புயல் வருமாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பார்களாம். சொந்தக்காரன் வருகிற மாதிரி, "இந்தத் தடவை யாரு வாராங்க?" என்று கேட்டுக்கொள்வார்களாம்.

நல்ல சொந்தம்.

கார்த்திகை 26, வியாழன்

குற்றாலத்து அருவிக்கரையில் யாரையும் விடவில்லையாம். ஐந்தருவிப் பக்கம் கடையைக் கட்டிவிட்டார்கள் என்று பால்காரன் சொன்னான். மரிசெல் மாடியில் ஏறி ஏறி மலையைப் பார்க்கிறாள். மலை தெரியவில்லை.

கார்த்திகை 27, வெள்ளி

மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். இந்த நோட்டையும் அந்தப் பையில் போட்டிருந்தாள். பையைக் கேலி செய்த வாய் இது.

மதியச் சோறு வடிக்கிற நேரம். சிற்றாற்று வாய்க்கால் உடைந்துவிட்டது. வாய்க்கால் தெருவுக்குள் தண்ணீர் வந்தது என்று எழுத முடியாது — தண்ணீருக்குள் தெரு போய்விட்டது. எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் முழங்கால் அளவு. மரிசெல் உமாராணியை இடுப்பில் வைத்து, பையை என் தோளில் மாட்டி, தெருவில் இறங்கி விசிலை ஊதினாள். ஊதிக்கொண்டே வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "மேட்டுக்கு வாங்க! மண்டபத்துக்கு வாங்க!"

மண்டபம்தான் இந்தப் பக்கத்தில் மேடு. வந்து பார்த்தால் பூட்டு. படியில் ஊரே நிற்கிறது. ஏசுதாசன் நடக்க முடியாத தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு. ஷமீம் பானு மிக்சியைத் தலைமேல் வைத்துக்கொண்டு. பிள்ளை அவள் மாமியார் ஜாஹிரா பீவி கையில். கேட்டதற்கு, "பிள்ளை என்ன வெல கொடுத்தா வாங்குனேன்? மிக்சிக்கு இன்னும் தவணை முடியல ஆச்சி" என்றாள். அந்த நேரத்திலும் ஒரு நாலு பேர் சிரித்தார்கள்.

சங்கிலிப்பாண்டி குடைக்குக் கீழே, இடுப்பில் சாவியோடு.

மரிசெல் நேரே போய்க் கேட்டாள். "மாமா, சாவி யாருகிட்ட?"

"எதுக்கும்மா?"

"தண்ணி வருது. ஆளு வருது."

"இது கல்யாண மண்டபம். சத்திரம் இல்ல. மணவறை சோடிச்சாச்சு. சேறும் சகதியுமா எல்லாவனும் ஏறுனா நாளைக்கழிச்சு என் பேத்தி எங்க உக்காந்து தாலி வாங்குவா? நம்ம ஆளுக நாலு குடும்பம்னா பின்வாசல் வழியா வரட்டும். மத்தவங்க பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்."

"பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி. ரோடு ஆறா ஓடுது" என்றார் ஏசுதாசன். தாயின் கால் விரலில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மரிசெல் மறுபடி, கொஞ்சம் மெதுவாக: "மாமா. சாவி."

அவன் திரும்பிக்கொண்டான்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்ததெல்லாம் என் மாமனார். இந்த மேட்டு நிலம் எங்கப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது. மண்டபம் கட்ட வேண்டும் என்று மாமனார் கேட்டார். வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் நான் நிற்க, "குடும்மா, ஊருக்கு ஒதுங்க ஒரு இடம் வேணும்" என்றார். ஊருக்கு என்றார். நம்ம ஆளுகளுக்கு என்று சொல்லவில்லை. சங்கிலிப்பாண்டி அப்போது அரை டவுசரில், மூக்கொழுகிக்கொண்டு, தட்டில் இருந்த கல்கண்டைத் திருடித் தின்றுகொண்டு நின்றான். அவனுக்கும் கேட்டிருக்கும்.

வாசலில் கல்யாணச் சடங்குக்கு மஞ்சள் பூசி அம்மி வைத்திருந்தார்கள். பக்கத்தில் குழவி. தூக்கினேன்.

"மதினி! அது சடங்குக் குழவி!"

"சடங்குக்குத்தாம்லே."

முதல் அடியில் பூட்டு அசையவில்லை. கை எரிந்தது. அடுத்த அடியில் கொண்டி பெயர்ந்து வந்துவிட்டது. எல்லாரும் ஏறினார்கள். மிக்சிதான் முதலில்.

கார்த்திகை 28, சனி

இப்படி ஒரு இழவு வீட்டுச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

மரிசெல் மிஞ்சின கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எண் எழுதிக் கொடுத்தாள். புளியங்கொட்டை ஆளுக்கு ஒரு கை. அவள் எண்ணைக் கத்துவாள், இருந்தால் கொட்டையை வைக்க வேண்டும். அவள் ஊரில் புயலுக்கு ஒதுங்கினால் இதுதான் விளையாட்டாம். ஜாஹிரா பீவி ஜெயித்துக்கொண்டே இருந்தாள். பரிசு ஒரு சீப்பு வாழைப்பழம் — சங்கிலிப்பாண்டியின் கல்யாணத் தார்.

டிவிக்காரன் ஒருத்தன் படகில் வந்தான். மரிசெல் சொல்லிக்கொடுத்தபடி எல்லாரும் கையை ஆட்டினார்கள், ஏசுதாசன் தாய் உள்பட. "கொஞ்சம் சோகமா இருங்கம்மா" என்றான் அவன்.

ஷமீம் பானு: "சோகம் வேணும்னா எங்க வீட்டுக்குப் போயி எடுங்க தம்பி. இடுப்பளவு கெடக்கு."

நான் மரிசெல்லைத் தனியாகக் கூப்பிட்டேன். "வீடு முங்கிக் கெடக்கு. சிரிப்பாட்டி?"

"சிரிக்காம இருந்தா தண்ணி வத்திருமா அத்தே?"

அப்புறம் அவளே ஒன்று சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு பெரிய புயல். எல்லாரும் ஒரு கட்டடத்துக்கு ஓடினார்கள். பூட்டு. சாவிக்காரன் எங்கேயோ. தேடி வருவதற்குள் அவளுடைய தம்பி கையை விட்டுவிட்டான். யார் கையை என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

"அதுக்குப் பெறகு எங்க போனாலும் முதல்ல கேக்குறது இதான் அத்தே. சாவி யாருகிட்ட."

கார்த்திகை 29, ஞாயிறு

அனுசியாவுக்குக் கல்யாணம் நடந்தது. நடக்குமா என்று இருந்தது, நடந்தது.

வாசுதேவநல்லூர் மாப்பிள்ளை வீட்டார் டிராக்டரில் வந்து இறங்கினார்கள். பொண்ணை அழைத்து வர வழியில்லை, தெருவில் இன்னும் தண்ணீர். சுகந்தி அழுகிறாள். மரிசெல் போனில் என்னமோ படத்தைக் காட்டினாள்: அவள் நாட்டில் கோவிலுக்குள்ளேயே தண்ணீர் நிற்க, வெள்ளைக் கவுனை நனைத்துக்கொண்டு ஒரு பொண்ணு நடந்து போகிறாள், சிரித்துக்கொண்டு. அனுசியா அதைப் பார்த்தாள். பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகினாள். இறங்கிவிட்டாள். மேளக்காரர் தவிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். மண்டபத்தில் ஒதுங்கியிருந்த வாய்க்கால் தெருச் சனமெல்லாம் விசில் அடித்தது.

மணவறைப் பக்கத்தைக் கழுவி மெழுகி வைத்திருந்தார்கள் ஷமீம் பானுவும் மற்றவர்களும். பந்தி நாலு தடவை. பிளாஸ்டிக் வாளி தூக்கிச் சாம்பார் ஊற்றியவர் ஏசுதாசன். குழவியை மறுபடி கழுவி மஞ்சள் பூசினார்கள். அனுசியா அம்மி மிதிக்கும்போது என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சங்கிலிப்பாண்டி சாப்பிடவில்லை. சொந்தப் பேத்தி கல்யாணத்தில்.

மார்கழி 6

கவுன்சிலர் துண்டு போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர் வடிந்த பிறகு. மரிசெல் கும்பிட்டாள். "வாங்க சார், சாப்ட்டாச்சா? வாய்க்கால எப்போ தூர் வாருவீங்க? அடுத்த முகூர்த்தம் தை மாசம் வருது, பொண்ணுக்கு நீச்சல் தெரியாது." கூட்டமே சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் அவர் தேதி சொல்ல வேண்டியதாகிவிட்டது. திட்டினால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். சிரிப்பில் மாட்டிக்கொண்டார்.

நான் அவளைப் பாராட்டினேன். அவள் ஒரு விஷயம் சொன்னாள். அவள் ஊரில் சின்னச் சின்ன வட்டாரத்துக்கு ஒரு தலைவர். புயல் என்றால் அவர்தான் ஒலிபெருக்கியோடு முதலில் தெருவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி ஓட்டுக் கேட்டு வர முடியாது. ஆனால் பெரிய இடத்தில் இருக்கிறவர்கள், "எங்க ஜனங்க எதையும் சிரிச்சுக்கிட்டே தாங்குவாங்க" என்று பெருமை பேசியே தப்பித்துவிடுவார்களாம்.

"அதான் அத்தே, சும்மா சிரிக்கக் கூடாது. சிரிச்சுக்கிட்டே கேக்கணும்."

மார்கழி 11

மண்டபத்தில் ஊர்க்கூட்டம். நான் போனேன். பொம்பளைகளுக்கு நாற்காலி இல்லை, நின்றேன்.

சங்கிலிப்பாண்டி சொல்லி, சபை கை தூக்கி ஒத்துக்கொண்ட தீர்ப்பு: மரிசெல் சபையில் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். அபராதம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சித்திரையில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் தலைக்கட்டு வரி வாங்க மாட்டார்கள். வரி வாங்காத வீடு ஊரில் இல்லாத வீடு. நல்லதுக்கு வர மாட்டார்கள், கெட்டதுக்கு வர மாட்டார்கள். நான் செத்தால் தூக்க ஆள் வராது.

"பூட்ட உடைச்சது யாருடே?" என்று கேட்டேன்.

"நீங்கதான் மதினி. ஆனா ஒங்களுக்கு அந்தப் புத்தி ஏது? எல்லாம் அவ ஏத்திவிட்டது."

எனக்கு வந்த ஆத்திரம் — உடைச்சது நான். ரெண்டே அடியில உடைச்சது நான். என் கை, என் குழவி. அந்தப் பேரையும் எனக்குத் தர மாட்டானாம். எனக்குப் புத்தி ஏதுன்னு கேக்கான், கல்கண்டு திருட்டுப்பய.

"தப்புன்னா என் தப்பு. நல்லதுன்னா என் நல்லது. என் மருமவ பேர எதுலயும் போடாத" என்று சொல்லிவிட்டு வந்தேன். செருப்பைக்கூட மறந்துவிட்டேன். ஏசுதாசன் கொண்டுவந்து கொடுத்தார். தூக்க ஆள் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிடுதேன் ஆச்சி" என்றார். ஷமீம் பானு வாசலில் நின்று, "எங்க வீட்ல மூணு தடியனுவ இருக்கானுவ. நாலாச்சா? இனி எப்போ வேணும்னாலும் போங்க" என்றாள்.

போக மாட்டேன். பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மார்கழி 15

ரவி போன். "அம்மா, ஒரு மன்னிப்புதான? ஊரோட ஒத்துப் போயிருவோம்."

"ஒன் பொண்டாட்டி என்ன தப்பு செஞ்சா? சொல்லு."

"தப்புன்னு இல்ல... நான் இங்க கெடக்கேன். ஒனக்கு ஒண்ணுன்னா யாரும்மா வருவா?"

"ஆளு வச்சாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மரிசெல்லிடம் கேட்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று. நான் சண்டை போடுகிறேன், அவள் என்ன நினைக்கிறாள் என்று இதுவரை கேட்கவில்லையே. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அத்தே, பந்தக்காலுக்குக் கூப்பிடல, சிரிச்சேன். இதுக்குச் சிரிக்க மாட்டேன். தொறந்ததுக்கு நான் சாரி சொன்னா அடுத்த தடவ யாரும் தொறக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். இனி இதில் பேச ஒன்றும் இல்லை.

தை 9

எங்கள் வாசலில் மரிசெல் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறாள். அட்டையில் உமாராணி கோணல் எழுத்தில்: முடிஞ்சத வைங்க, வேணுங்கிறத எடுங்க. அவள் ஊரில் கொரோனா சமயம் தெருவுக்குத் தெரு இப்படி வைத்தார்களாம். வெள்ளத்தில் சாமான் போன வீடுகள் இன்னும் எழுந்திருக்கவில்லை, அதனால்.

நான் சொன்னேன்: பெஞ்சையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தை 10

எல்லாம் காலி. பெஞ்சு இருக்கிறது.

தை 12

இன்று காலையில் பெஞ்சில்: ஒரு பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, அரைப்படி உளுந்து, ஒரு பள்ளிக்கூடச் சட்டை, யாரோ வைத்த பல்செட்டு. பல்செட்டை எடுக்க இன்னும் ஆள் வரவில்லை. மரிசெல் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டுக் காட்டினாள். அண்ணன் பெயர் பாய். பையன் என்று அர்த்தமாம். ஐம்பது வயசு. அக்கா பெயர் பேபி. அவளுக்குப் பேரன் இருக்கிறான். என்ன குடும்பமோ.

பங்குனி 20

வரிக்காரர்கள் கொட்டு மேளத்தோடு தெருவில் வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நான் வாசலில் நின்றேன். எதிர் வீட்டில் வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் மேளத்தை நிறுத்திவிட்டு நடந்தார்கள். அடுத்த வீட்டில் மறுபடி கொட்டு.

"ஆச்சி, நம்ம வீட்டுக்கு ஏன் கொட்டல?" என்று உமாராணி கேட்டாள்.

தாம்பாளத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வெற்றிலையை நானே போட்டுக்கொண்டேன். கோபத்தில்தான்.

சித்திரை 3

வாங்கிவிட்டார்கள்! பாண்டி தனியாக வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "பெரியம்மா, வரி குடுங்க" என்றான். மன்னிப்பு? "அதெல்லாம் முடிஞ்சிட்டு பெரியம்மா."

முடிஞ்சிட்டு! யாரும் விழவில்லை, யாரும் கும்பிடவில்லை. சங்கிலிப்பாண்டி இறங்கி வந்துவிட்டான். கருப்பட்டி போட்டு அதிரசம் சுட்டேன். பெஞ்சிலும் ஒரு தட்டு வைத்தேன். மரிசெல் மட்டும் பாண்டி போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தே, ஏன் குனிஞ்சாரு?" என்றாள்.

வெட்கம், என்றேன்.

சித்திரை 11, மதியக் கொடை

எழுத வேண்டும். ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

மதியக் கொடை. அலங்காரம் முடிந்து பூசை. கூட்டம் நிறைய. மரிசெல் பொங்கல் பானைக்குப் பக்கத்தில். சங்கிலிப்பாண்டி மைக்கைப் பிடித்து, ஒரு அறிவிப்பு என்றான். போனை மைக்குக்கு நேரே வைத்தான்.

மைக்செட்டுக் குழாயில் ரவி குரல். என் மகன் குரல், மரத்து மேலேயிருந்து, ஊர் முழுக்க. "பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். என் மனைவி நம்ம ஊர்ப்பழக்கம் தெரியாம மண்டபத்துல செஞ்ச தப்புக்கு அவ சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். அபராதம் அனுப்பிட்டேன். எங்க வீட்ட விலக்கிராதீங்க."

பாவிப்பய. பாவிப்பய.

மரிசெல்லைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கரண்டியைப் பானை மேல் குறுக்கே வைத்தாள். உதட்டைக் குவித்து வீட்டுப்பக்கம் காட்டினாள். போவோம் அத்தே.

நான் போகல. போவேனா? நேரே போனேன். மைக்கைப் பிடுங்கினேன். கூ என்று கத்தியது, நான் பயப்படல.

சொன்னேன்: "பூட்ட உடைச்சது நான். மன்னிப்பு கேட்டது என் மவன், அது அவன் பாடு. நான் கேக்கல. என் மருமவ கேக்கல. அவ கேட்டது சாவிய."

நான் விடல. "அன்னைக்கு உள்ள இருந்தவங்கள சொல்லுதேன், இருக்கவங்க கைய தூக்குங்க. ஏசுதாசன்." கை. "அவரு தாயி." ஏசுதாசன் மறு கையையும் தூக்கினார். "ஷமீம் பானு. ஜாஹிரா பீவி." பந்தலுக்கு வெளியே சாலையில் நின்றார்கள். அங்கிருந்து, "இருக்கோம் ஆச்சி!" வாய்க்கால் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன், பிள்ளைகள் பெயரோடு. நம்ம ஆளுகள் பெயரையும் சொன்னேன் — பின்வாசல் வழியாக வந்து, பருப்புச்சோறு தின்று, கூட்டத்தில் வந்து மரிசெல் விழணும் என்று கை தூக்கினவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தலை குனிந்தது. நடுவில் யாரோ, "ஆச்சி, மிக்சிய விட்டுட்டீயளே" என்றார்கள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மரிசெல்கூட. கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கடைசியாகச் சங்கிலிப்பாண்டியைப் பார்த்துச் சொன்னேன். மைக் இல்லாமல். "மாமா வெத்தலத் தட்டு முன்னால என்ன சொன்னாரு? நீ அங்கனதான் நின்ன. வாயில கல்கண்டு."

அவன் வாய் மட்டும் அசைந்தது.

சித்திரை 12

ரவி போன் அடித்துக்கொண்டே இருக்கிறான். எடுக்கவில்லை.

சித்திரை 25

மரிசெல் எடுக்கிறாள். ஆனால் வீடியோ கால் வந்தால் போனைச் சோற்றுப் பானைக்கு நேரே சாய்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுகிறாள். அவன் பானையிடம் பேசிக்கொண்டிருக்கிறான். "என்னட்டி, பேசமாட்டியா?" பானை கொதிக்கிறது.

வைகாசி 8

வாய்க்கால் தூர் வார வண்டி வந்தது. கவுன்சிலர் சொன்ன தேதிக்கு வரவில்லை. மரிசெல்லும் ஷமீம் பானுவும் வாய்க்கால் உடைப்பில் வரிசையாக வாழைக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு, "கவுன்சிலர் தோப்பு" என்று எழுதிய பிறகு வந்தது.

ஆனி 30

சாரல். நல்ல கூட்டமாம் அருவியில். பானை விலகிவிட்டது, இன்று மரிசெல் ரவிக்கு முகத்தைக் காட்டிப் பேசினாள். திட்டினாள். அவள் பாஷையில், வேகமாக. ஒன்றும் புரியவில்லை, கேட்க நன்றாக இருந்தது. கடைசியில் அவளே சிரித்துவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம்.

ஆடி 20

அனுசியா வந்தாள், மசக்கை முகத்தோடு. மாங்காய் கேட்டாள், கொடுத்தேன். போகும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். புதுப் பூட்டின் சாவி.

"தாத்தா குடுத்தாவ. ரெண்டாஞ்சாவியாம். மரிசெல் சித்திகிட்ட இருக்கட்டும்னாவ."

"வேற என்ன சொன்னான்?"

"ஊருக்குன்னுதான் அவுக அப்பா சொன்னாவளாம். பெரியாச்சி கேட்டா மட்டும் சொல்லு, இல்லன்னா சொல்லாதன்னாவ."

"நான் கேக்கல. நீதான் சொல்லிட்ட."

"சரி ஆச்சி. நான் சொல்லல."

மரிசெல் அந்தச் சாவியை மழைப் பைக்குள் போடவில்லை. நிலைக்கதவில் ஆணி அடித்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி மாட்டினாள். உமாராணி அட்டை எழுதினாள்: சாவி இங்க.

ஐப்பசி 23

மழை பிடித்துவிட்டது. தண்ணீர் இன்னும் தெருவுக்குள் வரவில்லை, தூர் வாரியதில் வாய்க்கால் கொஞ்சம் தாங்குகிறது. ஆனாலும் காலையிலேயே மண்டபத்தைத் திறந்தாயிற்று. சாவியை எடுத்துக்கொண்டு போனது ஷமீம் பானு. எங்களைக் கேட்கக்கூட இல்லை. நான் போனபோது ஜாஹிரா பீவி புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். பெஞ்சும் அங்கே வந்துவிட்டது. ஏசுதாசன் தாயைச் சங்கிலிப்பாண்டியின் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டவன் சங்கிலிப்பாண்டியே.

அவன் என் பக்கத்தில் வந்து சுக்குக் காப்பியை வைத்தான். "சீனி போடல மதினி. ஒங்களுக்குக் கல்கண்டு" என்றான். காகிதத்தில் மடித்து ஒரு துண்டு வைத்திருந்தான்.

குடித்தேன். அவனை மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். பூட்டியது அவன். ஆனால் பூட்டியவன் என் வீட்டுக்குள்ளே இருக்கிறவன் இல்லை, என் எதிரே நின்று பூட்டினான், என் முன்னாலேயே திறந்தும் கொடுத்தான். அவன் விஷயம் இனி வளராது.

ரவி போன வாரம் லீவில் வந்திருக்கிறான். மரிசெல் அவன் கழுத்தில் ஒலிபெருக்கியை மாட்டி அனுப்பியிருக்கிறாள். "மேட்டுக்கு வாங்க, மண்டபத்துக்கு வாங்க" என்று தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போகிறான். அதே குரல். தெருவில் பிள்ளைகள் அவன் பின்னால் ஓடுகின்றன. நனைந்துகொண்டு வந்து என் எதிரில் நின்றான். "இன்னுமாம்மா கோவம்? மரிசெல்லே விட்டுட்டா. நீ செத்தா ஊரு வரணும்னுதான செஞ்சேன்."

தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தேன். சோறு போட்டேன், அவனுக்குப் பிடித்த கெண்டைமீன் குழம்பு, முள் எடுத்து. அவன் பசி வேறு, இது வேறு.

மரிசெல் மன்னித்துவிட்டாள். அது அவள் ஊர் மனசு, புயலுக்கே பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள். நான் இலஞ்சிக்காரி. வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு, எங்களைக் கேட்காமல், செய்யாத தப்பை ஒத்துக்கொண்டவன் ஒருத்தன் இருக்கிறான். முள் எடுத்து ஊட்டினாலும், செத்தால் கொள்ளி வைக்கப்போகிறவன் அவன்தான் என்றாலும், நான் மன்னிக்காதது அவன் ஒருத்தனைத்தான்.

என் மகன் ரவி.